‘பழசு எங்க?’ என்று கேட்ட பேக்கிங் பாய்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தண்ணீர் லாரி உரிமையாளர் கிரிதர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் ஜமாஅத் பெரியவர்களே, கருங்குழி வணிகப் பெருமக்களே, செங்கல்பட்டிலிருந்தும் மதுராந்தகத்திலிருந்தும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் தோழர்களே, உட்கார நாற்காலி இருந்தும் பின்னால் நின்றுகொண்டே இருக்கும் ஓட்டுநர் சகோதரர்களே! இன்னும் ஒருவரை நான் தனியாக விளிக்க வேண்டும். கணவர் மறைந்து இன்றோடு ஒன்பது நாள். நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்னும் துக்கக் காலம் முழுக்க வீட்டோடு இருக்க வேண்டிய ஜஹனாரா அக்கா இந்த மண்டபத்துக்கு வர இயலாது. ஆனால் அவர் மகன் தௌசிஃப்பின் கைப்பேசி இந்த மைக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அக்கா வீட்டிலிருந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா, உங்களுக்கும் என் வணக்கம்.

நான் செங்கல்வராயன். நமது கனரக வாகன மெக்கானிக்குகள் சங்கத்தின் செயலாளர். முப்பது ஆண்டாக லாரிக்கு அடியில் படுத்துப் பேசியே பழகியவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. இந்த மைக் வேறு அவ்வப்போது உஸ் உஸ் என்கிறது. இருந்திருந்தால் பாய் முதல் ஆளாக எழுந்து, “இன்னாப்பா, மைக்கே லீக்கு அடிக்குது, பேக்கிங் போடலியா?” என்று கேட்டிருப்பார்.

அந்தப் பேக்கிங் பாய்தான் நம்மை விட்டுப் போய்விட்டார். ஜனாப் பஷீருதீன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? ஜி.எஸ்.டி. சாலையில் போகிற எந்த லாரிக்காரரை நிறுத்திக் கேட்டாலும் பேக்கிங் பாய் என்றால்தான் தெரியும்.

இந்த அவையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், பெண்கள் இருக்கிறீர்கள். அதனால் பேக்கிங் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அதை கேஸ்கட் என்பார்கள். இஞ்சினில் எரிந்த புகையைச் சேர்த்து வெளியே அனுப்புகிற கனத்த இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. மேனிஃபோல்டு என்போம். அது இஞ்சினோடு சேருகிற இடத்தில் இரும்பும் இரும்பும் சரியாக ஒட்டாது. நடுவில் ஒரு தகடு வேண்டும். கையில் எடுத்தால் காய்ந்த அப்பளம் அளவுக்குக்கூட எடை இருக்காது. அது சரியில்லை என்றால் புகை வழியிலேயே கசியும். புது வண்டியில் சத்தம் கேட்கும், இழுவை குறையும், அவ்வளவுதான். ஓட்டுநர் காலடியிலேயே இஞ்சின் இருக்கிற பழைய வண்டியில்? ஓட்டை உடைசல் வழியாக அந்தப் புகை கேபினுக்குள் வரும். அதில் பாதிக்கு நாற்றமே கிடையாது. நாற்றம் இல்லாத விஷத்தை யார் கண்டுபிடிப்பது?

பாய் கண்டுபிடித்தார். சொல்லப்போனால், அதைக் கண்டுபிடிக்க மூன்றே கேள்விகள் வைத்திருந்தார். கடை வாசலில் காலை வைத்ததும் முதல் கேள்வி வரும். “பழசு எங்க?” கழற்றிய பழைய பேக்கிங்கைக் காட்டாமல் புதுசு தர மாட்டார். இரண்டாவது, “வண்டி எங்க ஓடுது?” மூன்றாவது, “மொகம் நேராக் கீதா?” மொகம் என்றால் நம் மொகம் இல்லை, மேனிஃபோல்டின் முகம், அதாவது பேக்கிங் உட்காருகிற தளம்.

எத்தனை பேர் இதற்காக அவரைத் திட்டியிருக்கிறோம்! பக்கத்தில் இருக்கிற கடையை விட்டுவிட்டு இருபது கிலோமீட்டர் போய் வாங்கியவர்கள் இங்கே எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், எனக்கே தெரியும். “பேக்கிங் வாங்க வந்தா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிக்க வெக்கிறாரு” என்று இதே சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடாத குறையாகப் பேசினோம். ஆனால் அந்தக் கேள்விகளில் என்ன இருந்தது என்று யோசித்தோமா?

பழைய பேக்கிங்கை வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பார். எந்த ஓட்டையைச் சுற்றிக் கரி கோடு போட்டிருக்கிறதோ, அங்கேதான் கசிவு. ஒரு பக்கம் மட்டும் நசுங்கியிருந்தால் முகம் கோணல். ஓரமெல்லாம் பொடிந்திருந்தால் சூட்டுக்குத் தாங்காத சரக்கு. சர்க்கரை நோயில் கண் மங்கிய பிறகு கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விரல் சொல்லாததை உள்ளே இருந்து ஜஹனாரா அக்கா வந்து பார்த்துச் சொன்னார். அந்தக் கடையில் ஒவ்வொரு டப்பாவின் மேலும் இருப்பது அக்காவின் கையெழுத்து. ஒன்பது ஆண்டாக அந்தக் கடையின் விரல் பாய், கண் அக்கா.

வண்டி எங்கே ஓடுகிறது என்று ஏன் கேட்டார்? திண்டிவனத்துக்கும் சென்னைக்கும் ஏறி இறங்குகிற லாரிக்குச் சூடுதான் எதிரி. மாமல்லபுரம், கல்பாக்கம், கடலோரம் என்று ஓடுகிற வண்டிக்கு உப்புக் காற்று எதிரி. அங்கே பேக்கிங்குக்கு முன்னால் போல்ட்டும் நட்டும் அரிக்கும். “கடக்கரை வண்டிக்கு போல்ட்ட மாத்தாம பேக்கிங் மட்டும் மாத்துனா, வேட்டிய புதுசாக் கட்டிக்கினு பெல்ட்ட மறந்த மாதிரிபா” என்பார்.

அணுபுரத்துப் பக்கம் கட்டட வேலைக்கு ஜல்லி அடிக்கிற ஒருவர் தன் இருபத்திரண்டு வயது லாரிக்கு, பல எஃகு அடுக்கு வைத்த விலை கூடின பேக்கிங்தான் வேண்டும் என்று வந்து நின்றார். இருப்பதிலேயே உசத்தியானதை வாங்க வந்தவரிடம் எந்தக் கடைக்காரராவது மாட்டேன் என்பாரா? பாய் சொன்னார்: “அது புதுமாப்பிளைக்குத் தச்ச சட்ட. இந்தக் கெழவனுக்குப் பட்டன் போடாது.” அவருக்கு வந்ததே கோபம்! பாய் கடையைப் பூட்டிக்கொண்டு ஒரு எஃகு ஸ்கேலோடு அவர் பின்னால் போனார். மேனிஃபோல்டின் முகத்தில் ஸ்கேலை வைத்தார். அடியில் வெளிச்சம் தெரிந்தது. எஃகு அடுக்குப் பேக்கிங் கண்ணாடி மாதிரி நேரான முகத்தில்தான் உட்காரும். கோணலாய்ப் போன பழைய முகத்தில் அது உட்காராது. “ஒண்ணு, லேத்துக்குக் குடுத்து மொகத்த சமம் பண்ணினு வா. இல்ல, நடுவுல தகடும் ரெண்டு பக்கமும் கிராஃபைட்டும் வெச்சது கீது, கொஞ்சம் மேடு பள்ளத்தத் தாங்கும். அதுவும் கொஞ்சந்தான்.” அவர் செங்கல்பட்டில் கடைசல் பட்டறைக்குக் கொடுத்து முகத்தைச் சமம் செய்தார். இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளை ஏற்றி வந்தது அந்த லாரிதான். வெளியே நிற்கிறது. போகும்போது அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அன்பார்ந்தவர்களே, இதோடு நான் இறங்கிவிட்டால் நல்ல பேச்சு என்று கைதட்டுவீர்கள். ஆனால் நான் வந்தது அதற்கில்லை.

தௌசிஃப் வரும் இருபதாம் தேதி ஷார்ஜாவுக்குத் திரும்ப வேண்டும். அம்மா இத்தாவில் இருக்கிறார். கடைக்கு ஆள் இல்லை. மூடிவிடலாமா என்று மூன்று நாளைக்கு முன்னால் என்னிடம் கேட்டார். மூடக் கூடாது என்றேன். அதற்கு அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னார். “நீங்க சொல்றீங்க அண்ணே. ஆனா வெளியில இன்னும் அந்தப் பேரு கீதே. பாய் கட பேக்கிங்காலதான் ஒருத்தரு சாகக் கெடந்தாருன்னு. அம்மா அந்தப் பேரோட தனியா எப்புடி உக்காருவாங்க?”

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை இன்று இந்த அவையில் சொல்லிவிடுகிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் கிரிதர் அவர்களின் தண்ணீர் லாரி ஒன்று வாயலூர்ப் பாலத்துக்கு முன்னால் சாலையை விட்டு இறங்கி மணலில் சொருகி நின்றது. ஓட்டியவர் சின்னையன். மூன்றாவது வரிசையில் மனைவி சாராளோடு உட்கார்ந்திருக்கிறார். பட்டப்பகல். கேபினில் ஸ்டீயரிங் மேல் தலை சாய்ந்து, சுயநினைவு இல்லாமல் கிடந்தார். ஊர் என்ன சொன்னது? குடித்துவிட்டு ஓட்டினான் என்றது. ஆஸ்பத்திரி வாசலில் சாராள் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு, “அவரு குடிக்கிறதே இல்லீங்கோ, சத்தியமா இல்லீங்கோ” என்று அழுததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா நின்றேன். மறுநாளே சின்னையனுக்கு வேலையும் போயிற்று.

பாய்தான் நம்பவில்லை. யாரும் கூப்பிடாமல் என் ஷெட்டுக்கு வந்தார். அந்த லாரியை அங்கேதான் இழுத்து வந்து நிறுத்தியிருந்தோம். குளிர்ந்த இஞ்சினை ஓட்டச் சொன்னார். டிக் டிக் என்று சத்தம். இஞ்சின் சூடேறச் சூடேற அது தேய்ந்து மறைந்தது; சூட்டில் இரும்பு விரிந்தால் சத்தம் அடங்கும், கசிவு முழுக்க அடங்காது. “கேட்டியா? இது சாராயம் இல்ல, பொக. கழட்டு” என்றார். மேனிஃபோல்டை நான்தான் கழற்றினேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அதைப் பூட்டியதும் நான்தான்.

கடற்கரையில் ஓடி ஓடி அந்த முகம் உப்பரித்துப் பள்ளம் பள்ளமாக இருந்தது. லேத்துக்குக் கொடுத்தால் ஒரு நாள் ஆகும். கோடை, தண்ணீருக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். நான் பாய் கடைக்குப் போய், ஒரே இடத்துக்கு இரண்டு பேக்கிங் கேட்டேன். நம்மில் எத்தனை பேர் செய்திருக்கிறோம் இதை! ஒன்று தாங்காது, இரண்டு போட்டால் மெத்தென்று உட்காரும் என்பது நம் கணக்கு. பாய் அன்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஒரு எடத்துக்கு ஒண்ணுதாண்டா. ரெண்டு போட்டா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். நடுவுல பொக பூந்துக்கும். மொகத்த சமம் பண்ணு.” ஒன்றுதான் கொடுத்தார். நான் வேறு ஊரில் வேறொரு கடையில் இன்னொன்றை வாங்கி, இரண்டையும் சேர்த்து, நடுவில் பேஸ்ட்டை அப்பிப் பூட்டினேன்.

ஆமாம் தோழர்களே! சின்னையனைச் சாகக் கிடத்தியது பாய் கொடுத்த பேக்கிங் அல்ல. நான் போட்ட இரண்டாவது பேக்கிங்.

கழற்றியபோது இரண்டும் கருகி ஒன்றாக ஒட்டியிருந்தன. பாய் நகத்தை நடுவில் விட்டுப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் கிரிதர் உள்ளே வந்து, “இன்னா பாய், இன்னா ஆச்சு?” என்றார். நான் தனியாக ஷெட் போட்டு அப்போது ஐந்து மாதம்தான். கையில் வேறு வேலை இல்லை, வீட்டில் இரண்டு குழந்தைகள். அதெல்லாம் பாய்க்குத் தெரியும். அவர் சொன்னார்: “பேக்கிங் போயிடுச்சு தம்பி. நான் குடுத்ததுதான். பொக கேபினுக்கு வந்துக்கீது, அதான் மயக்கம். அந்தப் பையன் மேல தப்பு இல்ல, வேலைக்கி எடுத்துக்க.”

பொய்யே பேசாத மனிதர், ஒரே வாக்கியத்தில் சின்னையன் பெயரைத் துடைத்தார், என் பெயரைக் காப்பாற்றினார், தன் கடையின் பெயரைக் கொடுத்துவிட்டார். கிரிதர் அவர்களே, நீங்கள் அன்றே சின்னையனை வேலைக்கு எடுத்துக்கொண்டீர்கள், அதற்கு இன்றும் உங்களைக் கும்பிடுகிறேன். ஆனால் அடுத்த ஓராண்டு உங்கள் லாரி ஒன்றுகூட பாய் கடை வாசலில் நிற்கவில்லை. மற்றவர்களும் வரவில்லை. சின்னையன் இந்தப் பதினோரு ஆண்டில் அந்தக் கடைப் படியை மிதித்ததே இல்லை. நான் வாயைத் திறந்தேனா? இல்லை. சங்கச் செயலாளராக மாலைகள் வாங்கிக்கொண்டேன்.

கிரிதர் போன பிறகு பாய் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். “வேணும்னா பண்ண? போ, போயி டீ சாப்புடு. நாளையிலேர்ந்து புதுசு வாங்க வந்தா பழச கொண்டா” என்றார். அவ்வளவுதான். இப்போது புரிகிறதா, நாம் எல்லோரும் திட்டித் தீர்த்த அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று? எந்த மெக்கானிக் எத்தனை பேக்கிங் போட்டிருக்கிறான் என்று பார்ப்பதற்காகக் கேட்ட கேள்வி அது. என்னை மட்டும் கேட்டால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று, ஊரையே கேட்டார்! என் ஒருவனை மறைப்பதற்காகப் பதினோரு ஆண்டு ஊரார் வாயில் விழுந்தார்!

பாய், நீங்கள் இருக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். நூறு தடவை கிளம்பினேன். ஒவ்வொரு தடவையும் உங்கள் கடையில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். எனக்குப் பயம். அதற்கு வேறு பெயர் இல்லை.

நேற்று முன்தினம் ஜஹனாரா அக்கா வீட்டு வாசலில் நின்று, கதவுக்கு வெளியிலிருந்தே இதையெல்லாம் சொன்னேன். உள்ளேயிருந்து அக்கா சொன்னார்: “தெரியும் தம்பி. அன்னிக்கே சொன்னாரு. நீயா வந்து சொல்றவரிக்கும் கேக்காதன்னாரு.” அப்புறம், “அழுவாத. கடய தொறக்க இன்னா வழின்னு பாரு. ரெண்டு கேக்கறவனுக்கு ஒண்ணுதான் குடு” என்றார்.

வழி பார்த்துவிட்டோம், அக்கா. கருங்குழியிலும் சுற்றுவட்டாரத்திலும் பதினான்கு ஷெட்டுகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஒரு ஷெட்டிலிருந்து ஒரு ஆள் உங்கள் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். பழைய பேக்கிங்கை இருபக்கமும் படம் எடுத்து உங்கள் கைப்பேசிக்கு அனுப்புவார். வண்டி எங்கே ஓடுகிறது, முகத்தில் ஸ்கேல் வைத்தார்களா என்று எழுதுவார். எந்த டப்பா என்று நீங்கள் சொல்லுங்கள், அதை எடுத்துக் கொடுப்போம். நான்கு மாதம் பத்து நாளும் கடை ஒரு நாள்கூட மூடாது. இத்தா முடிந்து நீங்கள் வந்து உட்காரும்போது, அந்தக் கடையின் பெயரில் ஒரு பொட்டுக் கரிகூட இருக்காது. தௌசிஃப், நீங்கள் தைரியமாக விமானம் ஏறுங்கள்.

சங்கத்தின் சார்பில் இன்னும் ஒன்று. இன்றிலிருந்து நம் ஷெட்டுகளில் ஒரு இடத்துக்கு ஒரு பேக்கிங். கோணல் என்றால் லேத்துக்குப் போகும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் போகும். போல்ட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு முறுக்குவோம். ஒருமுறை ஓட்டி ஆறியதும் மறுபடி முறுக்குவோம். குளிர்ந்த இஞ்சினில் டிக் டிக் கேட்டால் வண்டி வாசலைத் தாண்டாது. இதை மீறுகிறவன் செயலாளராக இருந்தாலும் சங்கத்தை விட்டு நீக்குங்கள். முதலில் என்னையே நீக்குவதென்றாலும் எனக்குச் சம்மதம், சங்கம் முடிவு செய்யட்டும்.

என் கையில் இருப்பது என்ன என்று முன்வரிசையில் பார்க்கிறீர்கள். பாய் கடையில் பதினோரு ஆண்டாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த பழைய பேக்கிங். நாம் எல்லோரும் பார்த்ததுதான், ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் அது இரண்டு என்று தெரிந்திருக்கும். அக்கா கழற்றிக் கொடுத்தனுப்பினார்.

சின்னையா, உன்னிடம்தான் கடைசியாகப் பேச வேண்டும். எழுந்து நிற்கிறாய். போய்விடாதே. போவதென்றாலும் உன் இஷ்டம், தடுக்க எனக்கு வாய் இல்லை. பாய் மேல் நீ வைத்திருந்த கோபம் அத்தனையும் என்னுடையது. அதை எடுத்து என் மேல் வை. சாராள், உன் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்ற ஆள் நான். இதோ, இங்கே வந்து இதை உன் கையாலே பிரித்துப் பார், சின்னையா.

என்ன? இந்த மைக் வேறு கத்துகிறது. சற்று அமைதியாக இருங்கள், அவர் ஏதோ சொல்கிறார். உரக்கச் சொல்லு சின்னையா, அக்காவுக்கும் கேட்கட்டும்.

“அத்த எங்கிட்ட இன்னாத்துக்குக் காட்ற? நாளிக்கு மொத நாளு நான் நிக்கிறேன் பாய் கடையில. எட்டரைக்குக் கொண்டாந்து கவுண்டர்ல வையி. பழசு எங்கன்னு நான் கேக்கறேன் உன்ன.”

கேட்டீர்களா, அக்கா? எட்டரைக்குக் கடை திறக்கிறது. சின்னையா, நான் எட்டு மணிக்கே வாசலில் நிற்கிறேன். கேள்.